பெரியவருக்குப் போட்ட நாற்காலி

கல்யாணத்துக்கு வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. என் வீட்டுக்காரருக்கு அதில் துளியும் பிடிப்பு கிடையாது. மனிதர்களைக் கண்டால் அவருக்குக் கொட்டாவி வரும். மலையைக் கண்டால்தான் முழிப்பே வரும். தர்மபுரி கடைவீதியில் எங்கள் ஸ்டுடியோ. முன்புறம் ஸ்டுடியோ, நடுவில் ஒரு திரை, பின்புறம் குடித்தனம். மாப்பிள்ளை விறைத்துக்கொண்டு நிற்க, பெண் குனிந்த தலை நிமிராமல் நிற்க, இவர் ஜன்னல் வழியாக வத்தல்மலைப் பக்கம் மேகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே இருந்து நான் தொண்டையைச் செருமினால்தான் வேலை நடக்கும்.

கல்யாணம் ஆன புதிதில் அந்த மலைக்குத்தான் என்னை முதன்முதலில் கூட்டிப்போனார். மற்ற புருஷன்மார் பெண்டாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். இவர் காமிராப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, அதை நிறுத்துகிற மூன்று கால் கட்டையை என் தோளில் சாய்த்துவிட்டார். மூச்சு முட்ட ஏறி மேலே போனால் ஒன்றும் தெரியவில்லை. மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து, அது விலகும் என்றார். கட்டிக்கொண்டு போன கேழ்வரகுக் களி தீர்ந்தது, என் பொறுமையும் தீர்ந்தது. "மேகத்தப் பாக்கறதுக்கு எதுக்குங்க மலை ஏறணும்? நம்ம வூட்டு வாசல்ல நின்னா தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து வந்தார். காமிராவின் பின்னால் தொங்கிய கறுப்புத் துணியைத் தூக்கி, "உள்ள தலைய விட்டுப் பாரு" என்றார்.

துணிக்குள் இருட்டு. நடுவில் தேய்த்த கண்ணாடிச் சதுரம் ஒன்று. அதில் மேகம் கிழிந்து, பள்ளத்தாக்கும் சாமை வயல்களும் தூரத்து ஏரியும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மேலே பூமி, கீழே வானம். ஒரு மாட்டுக்காரன் தலைகீழாக நடந்து போனான். அவன் விழுந்துவிடுவான் என்று நான் பதறியதைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய பைத்தியம் என்னையும் பிடித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் போகாத இடம் கிடையாது. செலவுக்கு வழியாக ஒரு மடக்கு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போவோம். காரிமங்கலம் சந்தை மாதிரி கூட்டம் கூடுகிற இடத்தில் அதை விரித்துப்போட்டால், வந்தவர்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காசில் காட்டுக்குள் போவோம். ஒகேனக்கல்லுக்கு எத்தனையோ முறை போயிருப்போம். அருவியின் சாரல் லென்ஸில் வந்து படியும். என் முந்தானையால் நான் துடைத்துக்கொண்டே இருப்பேன். அத்தனை பாடுபட்டும் படத்தில் தண்ணீர் பஞ்சு மாதிரி வந்துவிடும். அதற்கு அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். காவிரிப் பாறையில் வெயில் காய்கிற முதலை என்றால் அவருக்கு உயிர். அப்படி ஆடாமல் அசையாமல் இருக்கிற வாடிக்கையாளர் நம் கடைவீதியில் ஒருத்தர் உண்டா என்பார். செங்குத்துப் பாறையில் கூடு கட்டின கழுகு, தோகை விரித்த மயில், தண்ணீர் குடிக்கும் மான் எல்லாம் எங்கள் கண்ணாடித் தகடுகளில் வந்துவிட்டன. யானை மட்டும் வரவில்லை. நாங்கள் போகுமிடமெல்லாம் அது முன்னாலேயே வந்து போயிருக்கும். ஆவி பறக்கிற லத்தியைத்தான் பார்ப்போம். அதைப் பார்த்துவிட்டு அவர் நிற்கிற நிலையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

யுத்தம் வந்தது. தகடு கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் அவர் கண்ணில் ஏதோ கோளாறு என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. பட்டப்பகலில், "இன்னிக்கு வெளிச்சம் கம்மி இல்ல?" என்று கேட்பார். எப்போதும் இருக்கிற இடத்திலேயே இருக்கிற தண்ணீர்ச் செம்பை இடறிவிடுவார். தகடுகளைக் கழுவுவதும் காகிதத்தில் அச்சடிப்பதும் முதலிலிருந்தே என் வேலை. சமையலறையை இருட்டாக்கி நான்தான் செய்வேன். முன்பெல்லாம் கழுவின தகட்டை என் கையிலிருந்து பிடுங்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பவர், இப்போது, "எப்படி வந்திருக்குது, சொல்லு" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். சேலத்துக்குக் கண் டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போனார். திரும்பி வந்து, "கண்ணாடி போட்டா சரியாயிடும்னுட்டாரு" என்றார். ஆனால் கண்ணாடி வாங்கவே இல்லை.

அதோடு அவருக்கு ஒரு முதுகு வலியும் வந்து சேர்ந்தது. குனிந்து துணிக்குள் தலையை விட்டுப் படத்தைத் தெளிவாக்குகிற நேரத்தில் மட்டும் வருகிற முதுகு வலி. "இந்தா, நீ கொஞ்சம் பாரேன்" என்று என்னை விடுவார். வாடிக்கையாளர்கள் இருக்கும்போது மட்டும் தானே துணிக்குள் போய், பழகின கையால் திருகி, குத்துமதிப்பாக எடுத்துவிடுவார். பாதிப் படம் மங்கலாக வரும். மருந்து பழசு என்று பழியை மருந்தின்மேல் போட்டோம். கண் தெரியாதவனிடம் வந்து யார் படம் எடுத்துக்கொள்வார்கள்? ஊருக்கு மறைப்பது எனக்குப் புரிந்தது. என்னிடம் மறைப்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியவில்லை என்பதை அவர் வாயால் சொல்லட்டும் என்று நானும் வீம்பாகக் கேட்காமலே இருந்தேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஒரு தடவையாவது ஆனையப் பாத்துடணும் புள்ள" என்றார். இத்தனை வருஷமாக அவர் சொன்னதெல்லாம் யானையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான். பார்த்துவிட வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மறுவாரமே கிளம்புவோம் என்று நானே சொன்னேன்.

பென்னாகரம் வரைக்கும் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற கரி பஸ். ஏற்றம் வந்தபோதெல்லாம் இறங்கித் தள்ளினோம். அங்கிருந்து மாட்டு வண்டி பிடித்துக் காட்டுக்குள் இறங்கினோம். பெரிய ஆற்றில் வந்து சேர்கிற ஓர் ஓடைக்குப் பக்கத்தில் வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்து, மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஓடைக்கரையில் ஒரு பெண் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். காட்டுக் குடியிருப்பைச் சேர்ந்தவள். அவள் பேசியது கன்னடம்.

என் வீட்டுக்காரருக்குத் தனக்குக் கன்னடம் தெரியும் என்று ஒரு பெருமை உண்டு. ஒசூர்ப் பக்கத்து வாடிக்கையாளர்களிடம் நாலு வார்த்தை பேசிப் பழகிய கன்னடம். "ஆனெ எல்லி பருத்தெ?" என்று அவளைக் கேட்டார். யானை எங்கே வரும் என்று அர்த்தம். அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தொட்டவரு சஞ்செ நீரிகெ பர்த்தாரெ. முந்தெ நில்லபேடி" என்று சொல்லிவிட்டு விறகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"என்னாங்க சொல்றா?" என்றேன்.

"பெரியவரு சாயங்காலம் தண்ணிக்கு வருவாராம். ஊர்ப் பெரியவரு போல. ஆனையப் பத்தி இவளுக்குச் சொல்ல பயம், அவரக் கேட்டுக்கச் சொல்றா. அவரு முன்னாடி நிக்கக் கூடாதாம். நல்ல மரியாதக்காரங்க."

வார்த்தைக்கு வார்த்தை சரியாகத்தான் சொன்னார். தொட்டவர் என்றால் பெரியவர். அதில் ஒரு பிழையும் இல்லை.

பெரியவர் வருகிறார் என்றதும் அவருக்குக் கையும் காலும் ஓடவில்லை. ஒரு படம் எடுத்துக் கொடுத்து அவரைக் கைக்குள் போட்டுக்கொண்டால், யானை வருகிற இடத்தை அவரே காட்டிவிடுவார் என்பது கணக்கு. ஓடைக்கு இந்தப் பக்கம் மணலில் மடக்கு நாற்காலியை விரித்தார். வயசானவருக்கு உறுத்தும் என்று தன் மேல்துண்டை மடித்து அதில் போட்டார். வெற்றிலை பாக்கு எடுத்து வைக்கச் சொன்னார். நான் காமிராவை நிறுத்தி, துணிக்குள் தலையை விட்டு, நாற்காலியின் முதுகு தெளிவாகத் தெரிகிற வரைக்கும் திருகினேன்.

வெயில் இறங்கிச் சாய்ந்து மஞ்சளாக அடித்தது. தூரத்து ஆற்றின் இரைச்சல் காதை அடைத்துக்கொண்டிருந்தது. நான் இன்னொரு முறை சரிபார்க்கத் துணிக்குள் போனேன். கண்ணாடியில் நாற்காலி தலைகீழாகத் தொங்கியது. அதற்குப் பின்னால், ஓடையின் அந்தக் கரையில், மூங்கில் புதர் இரண்டாகப் பிரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நகர்ந்து வந்து கண்ணாடி முழுவதும் நிறைந்தது. அதற்குக் காது இருந்தது. தந்தம் இருந்தது.

"வந்துட்டாருங்க" என்பது மட்டும்தான் வாயிலிருந்து வந்தது.

"வந்துட்டாரா?" என்று அவர் உற்சாகமாக எழுந்தார். கைகூப்பிக்கொண்டு நாற்காலிப் பக்கம் நடந்தார். "வாங்க ஐயா, வணக்கமுங்க. இப்படி வந்து உக்காருங்க" என்றார்.

துணியை விலக்கிவிட்டு வெளியே வந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் யானை. இந்தப் பக்கம் கைகூப்பி நிற்கிற என் புருஷன். நடுவில் முழங்கால் அளவு தண்ணீர். யானை ஒருமுறை புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. அவர் பொடி போடுகிறவர், மூக்கில் வாசனை ஏறாது. மூச்சு மட்டும் காதில் விழுந்திருக்கிறது. "பாவம், நடந்து வந்ததுல மூச்சு வாங்குது. உக்காருங்க ஐயா, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். எதிரே அந்தி வெயிலில் நின்ற அத்தனை பெரிய உருவத்தைப் பார்த்து, அதன் முகத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவருக்கு எவ்வளவு தெரிகிறது என்று எத்தனையோ மாதமாக நான் தெரிந்துகொள்ள நினைத்தது அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கத்தினால் யானை மிரளும். ஓடிப்போய் இழுத்தாலும் மிரளும். "அசையாதீங்க" என்றேன், மெதுவாக. கடைக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்கிற வார்த்தை அது. பெரியவரிடம் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் அப்படியே நின்றார். யானையும் நின்றது. பயத்தில் என் புத்தி எங்கோ போய்விட்டது. கை மட்டும் பழகின வேலையைச் செய்தது. தகட்டுப் பெட்டியைச் செருகி, அடைப்பை உருவி, லென்ஸ் மூடியைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி மூடினேன். ஏன் செய்தாய் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

யானை தும்பிக்கையை நீட்டி எங்கள் பக்கத்துக் காற்றை மோந்து பார்த்தது. பிறகு எங்களோடு வம்பு எதற்கு என்பதுபோலத் திரும்பி, வந்த வழியே போய்விட்டது. மூங்கில் ஆடி நின்றது.

"போயிட்டாரா?" என்றார் அவர். "ஒரு வார்த்த பேசலயே. நம்ம மேல கோவமா?"

எனக்குப் பயம் போனதும் கோபம்தான் வந்தது. "ஆனைங்க அது" என்றேன். "உங்க முன்னாடி நின்னுது ஆனை."

அவர் முதலில் சிரித்தார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். என் பக்கமிருந்து சிரிப்பு வராததும் அவருடையதும் நின்றது. கையை நீட்டித் தடவி, நாற்காலியின் பிடியைக் கண்டுபிடித்து, அதில் உட்கார்ந்தார். நான் போய் அவர் காலடியில் மணலில் உட்கார்ந்தேன்.

"கொம்பு இருந்துதா?" என்றார்.

"இருந்துது. ரெண்டும் பெருசு. ஒண்ணு மட்டும் நுனி ஒடஞ்சிருந்துது."

"காது?"

"ஆட்டிக்கிட்டே இருந்துது. நீங்க பேசினப்ப நிறுத்திட்டுது."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க. நீங்க பேசினதக் கேட்டுது."

ஒவ்வொன்றாகக் கேட்டார். கண் எப்படி, நெற்றியில் புள்ளி உண்டா, காலில் சேறு எதுவரைக்கும், வால் நீளமா. நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பார்க்காததைக் கேட்டபோது பார்க்கவில்லை என்றேன். வாழ்நாளெல்லாம் அவர் தேடிய யானை ஒரு தெரு அகலத்துக்கு அப்பால் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறது, அவர் அதற்கு மரியாதையாக வணக்கம் சொல்லியிருக்கிறார், பார்க்கவில்லை.

கடைசியில் அவரே சொன்னார். "மொதல்ல ரெண்டு ஓரமும் போச்சு. இப்ப நடுவுலயும் பொகையாத்தான் இருக்குது. சேலத்து டாக்டரு கண்ணாடியால ஆகாதுன்னுட்டாரு."

"ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா காட்டுக்குப் போறது நின்னுடும்னு பயம். நீ விட மாட்டே."

"நான் யாருங்க விடறதுக்கு? நீங்கதான என்னைக் கூட்டிக்கிட்டு வரீங்க."

"இல்ல புள்ள. ரொம்ப நாளா நீதான் என்னைக் கூட்டிக்கிட்டுப் போறே" என்றார்.

அதைக் கேட்டு நான் அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். வண்டிக்காரர் வந்து மணலில் கிடந்த கால்தடத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் காட்டில் யாரும் அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடும், பெரியவர் என்றுதான் சொல்வார்கள் என்று அப்போது விளக்கினார்.

வீட்டுக்கு வந்து சமையலறையை இருட்டாக்கித் தகட்டைக் கழுவினேன். நாற்காலி மயிரிழை பிசகாமல் தெளிவாக இருந்தது. பின்னால் யானை கொஞ்சம் மங்கலாக, ஆனால் முழுசாக. இரண்டுக்கும் பக்கத்தில் அவர், யானைப் பக்கம் திரும்பி, கைகூப்பி, ஒரு பக்கம் மட்டும் தெரிகிற சிரித்த முகமாக. அத்தனை நாளில் நாங்கள் எடுத்ததில் அந்த மாதிரி ஒரு படம் கிடையாது. அச்சடித்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், வெயிலுக்குக் கொண்டுபோனார், பிறகு, "முன்னாடி கண்ணாடிப் பெட்டில மாட்டு" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

கடைவீதியே வந்து பார்த்தது. காட்டு யானைக்கு முன்னால் கைகூப்பிக்கொண்டு நிற்கிறாரே, என்ன நெஞ்சழுத்தம், என்ன பக்தி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கடையில் கூட்டம் அதிகமாகியது. இது நல்லதுக்குத்தான், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் பொடி டப்பாவைத் தட்டித் திறந்தார்.

அப்புறம் மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு பெரிய குடும்பம் கல்யாணப் படத்துக்கு வந்தது. நான் வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. பெண்ணின் அப்பா மட்டும் யானைப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றார்.

"இந்தத் தைரியம் யாருக்குங்க வரும்" என்றார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நீங்க படத்துல நிக்கறீங்க. அப்ப படம் புடிச்சது யாருங்க?"

இத்தனை பேர் பார்த்தார்கள், ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி.

"எங்க வூட்லங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

எங்கள் பக்கத்து ஆண்கள் பெண்டாட்டியைச் சொல்வது அப்படித்தான். வந்தவருக்கும் அது தெரியாததில்லை. ஆனால் ஒரு பொம்பளை யானையைப் படம் எடுத்திருப்பாள் என்று அவர் புத்திக்கு எட்டவில்லை. "வூட்லயா? பாத்தா காடாட்டம் இருக்குதே" என்றார்.

"காடுதாங்க. எடுத்தவங்க எங்க வூட்ல. எனக்குத் தைரியமும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. கண்ணு தெரியல. எதிர்ல நின்னது ஆனைன்னே எனக்குத் தெரியாது."

திரையின் ஓரத்தைப் பிடித்திருந்த என் கை ஈரமாக இருந்தது. மருந்துத் தண்ணீரா வேர்வையா என்று தெரியவில்லை. எல்லோரும் எழுந்து போகப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"அப்ப இப்ப எங்கள எடுக்கப்போறது யாருங்க?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

என் வீட்டுக்காரர் திரைப் பக்கம் திரும்பினார். "இந்தா, வா. எல்லாரும் உக்காந்துட்டாங்க" என்று கூப்பிட்டார். காமிராவின்மேல் வைத்திருந்த கையை எடுத்து, சுவரைத் தொட்டுக்கொண்டே நகர்ந்து, நான் வர வழிவிட்டு நின்றார்.